கேள்வி உங்களுடையது, ஒயர் என்னுடையது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லேபிள் விவகாரம். யாரோ ஒருவர் ஏதோ ஒரு டீக்கடையில் 'எம்பிஎல்எஸ்' (பாக்கெட் என்னும் தகவல் துண்டின் மேல் எண் லேபிள் ஒட்டி அனுப்பும் முறை) என்ற வார்த்தையை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். தொப்பூரிலிருந்து ஓசூர் வரை எல்லோரும் அதையே கேட்கிறீர்கள். அதனால் வைஃபை வரவில்லை, மோடம் சுடுகிறது வகைக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (காரிமங்கலத்திலிருந்து ஒரு கேபிள் ஆபரேட்டர்): அண்ணா, கேபிள் டிவியில் ஆரம்பித்து இப்போது இன்டர்நெட்டும் தருகிறோம். தர்மபுரி, காரிமங்கலம், பாலக்கோடு மூன்றும் ஃபைபரில் ஒரு வளையம். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளிக்கும் தர்மபுரியிலிருந்து பென்னாகரத்துக்கும் ஒவ்வொரு வால். ஐந்து ஊரிலும் மைக்ரோடிக் ரவுட்டர் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் பிரிட்ஜ் போட்டு ஒரே நெட்வொர்க்காக ஓட்டுகிறோம். சந்தாதாரரின் பெயர், பாஸ்வேர்டு பார்த்து உள்ளே விடும் பிபிபிஓஇ சர்வர் தர்மபுரியில். எங்காவது ஒரு வீட்டில் ஒயரை மாற்றிச் செருகினால் ஐந்து ஊரும் படுத்துவிடுகிறது. 'எம்பிஎல்எஸ் போட்டால் சரியாகிவிடும்' என்கிறார்கள். போடலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: போடலாம். ஆனால் லேபிள் என்ன செய்கிறது என்று தெரியாமல் போட்டால், இப்போது உங்களுக்குப் புரிகிற தொல்லைக்குப் பதிலாகப் புரியாத தொல்லை வரும். முதலில் ஒரு கதை.

என் அப்பா கிருஷ்ணகிரியில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் மூட்டைக்குக் குறி போடும் வேலை பார்த்தார். ஓசூர்ப் பக்கமிருந்து வரும் மூட்டையில் முழு விலாசம் எழுதிய அட்டை தைத்திருக்கும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ராத்திரி இரண்டு மணிக்குக் குண்டு பல்பு வெளிச்சத்தில் அட்டையைத் தேடப் பொறுமை கிடையாது. மூட்டையின் வயிற்றில் பிரஷ்ஷால் எழுதிய எண் ஒன்று இருக்கும், அதுதான் கணக்கு. 27 என்றால் தர்மபுரி லாரி. அப்பா அந்த 27ஐ அடித்துவிட்டு 14 என்று எழுதுவார். ஏன் 14? 'அரூருக்குப் போகிற சரக்கை என்னிடம் அனுப்பும்போது 14 போட்டு அனுப்பு' என்று தர்மபுரி ஷெட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். அதே சரக்குக்கு 27 போடச் சொல்லி ஓசூர்க்காரரிடம் சொன்னது அப்பா. எண்ணை முடிவு செய்வது எப்போதும் வாங்கிக்கொள்கிறவர். அனுப்புகிறவர் சொன்னதை எழுதுவார், அவ்வளவுதான். ஓசூர் ஷெட்டுக்குள் 27 என்பது வேறு ஏதோ ஊராக இருக்கலாம். அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

எம்பிஎல்எஸ் என்பது முழுக்க முழுக்க இந்த வேலைதான். விலாசத்தைப் படிப்பது முதல் ரவுட்டரில் ஒரே ஒரு தடவை. அதன் பிறகு நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் எண்ணைப் பார்க்கும், அடிக்கும், வேறு எண் எழுதும், தள்ளிவிடும். ஷெட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் எண் சொல்லிக்கொள்கிறார்களே, அதற்குப் பெயர் எல்டிபி.

இன்னொரு விஷயமும் அப்பா ஆபீசில் உண்டு. தர்மபுரி ஷெட்டில் 14ஐ அழித்துவிட்டு, எந்த எண்ணும் போடாமல்தான் அரூர் லாரியில் ஏற்றுவார்கள். அரூரில் எப்படியும் அட்டையைப் படித்துத்தான் கடைக்குக் கொடுக்க வேண்டும். எண்ணையும் பார்த்து அட்டையையும் பார்ப்பது வெட்டி வேலை. கடைசிக்கு முந்தின ரவுட்டரும் அப்படியே லேபிளைக் கழற்றிவிடும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். கீழே உங்களைக் கடிக்கப் போவது இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாள் லேபிள் பக்கமே போகாதீர்கள். ஐந்து ரவுட்டருக்கும் ஒவ்வொரு லூப்பேக் முகவரி (எந்த ஒயர் அறுந்தாலும் அணையாத, ரவுட்டருக்கே சொந்தமான முகவரி), 32 மாஸ்க்கில், அதாவது அந்த ஒரே முகவரி மட்டும். 10.255.0.1 தர்மபுரி, 10.255.0.2 காரிமங்கலம் என்று வரிசையாக வைத்து, அதைச் சுவரில் ஒட்டுங்கள். ஊருக்கு ஊர் போகும் ஒவ்வொரு ஃபைபருக்கும் பிரிட்ஜிலிருந்து விலக்கித் தனி முகவரி. அதற்கு மேல் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் நெறிமுறை), ஒரே ஏரியா. அதில் லூப்பேக்கும் இணைப்பு முகவரிகளும் மட்டும் ஓடட்டும். சந்தாதாரர் முகவரி ஒன்றுகூட அதற்குள் வரக்கூடாது. இந்த நிலையில் மாரண்டஅள்ளி லூப்பேக்கிலிருந்து பென்னாகரம் லூப்பேக்குக்குப் பிங் என்ற சோதனைப் பாக்கெட் போய் வர வேண்டும். பாலக்கோடு-தர்மபுரி ஃபைபரைக் கழற்றினால் காரிமங்கலம் சுற்றிப் போக வேண்டும். ஒரு வாரம் இப்படியே விடுங்கள். ஓஎஸ்பிஎஃப் ஆடினால் அதன் மேல் இருக்கும் லேபிளும் ஆடும்.

இரண்டாவது எம்டியூ, அதாவது ஒரு இணைப்பு ஒரே தடவையில் தாங்கும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில். இங்கேதான் நான் அடி வாங்கினேன்.

பர்கூர்ப் பக்கம் ஒரு கிரானைட் யார்டு. அவர்களுக்கு ஓசூரில் ஆபீஸ். இரண்டையும் ஒரே நெட்வொர்க் போல இணைத்துத் தர வேண்டும். பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மூன்று ரவுட்டர் வைத்து, எல்டிபி போட்டு, அதன் மேல் விபிஎல்எஸ் (தூரத்து இடங்களை ஒரே ஸ்விட்சில் செருகியது போலக் காட்டும் டன்னல்) கட்டி, சாயங்காலம் பிங் பார்த்தேன். போனது. மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன். பிரிண்டர் பெயர் தெரிகிறதாம், பிரிண்ட் வரவில்லையாம். பில் போடும் சாப்ட்வேர் திறக்கிறது, கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் உறைந்துவிடுகிறது. சின்னதெல்லாம் போகிறது, பெரிசு எதுவும் போகவில்லை. நான் ரவுட்டர், கேபிள், அவர்கள் கம்ப்யூட்டரின் வைரஸ் என்று அன்று முழுக்க மற்றவர்களைச் சந்தேகப்பட்டேன்.

சாயங்காலம் யார்டில் உட்கார்ந்து, துண்டாக்காதே என்ற குறியோடு பிங்கை அளவு மாற்றி மாற்றி அடித்தேன். 1400 போனது. 1472 போகவில்லை. பாதிப் பாதியாகக் குறைத்து வந்ததில் 1446 போகிறது, 1447 போகவில்லை. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதினேன். 1446 உடன் பிங்கின் தலைப்பு 28 சேர்த்தால் 1474. முழுசாகப் போக வேண்டியது 1500. குறைவது 26. அந்த 26ஐப் பார்த்தவுடன் தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளே சுமக்கும் ஈதர்நெட் தலைப்பு 14, கன்ட்ரோல் வேர்டு 4, விபிஎல்எஸ் லேபிள் 4, வழி லேபிள் 4. மொத்தம் 26. ரவுட்டரில் எம்பிஎல்எஸ் எம்டியூ 1526 என்று நான் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன். அப்படியானால் நடுவில் வேறு ஏதோ ஒன்று 1500க்கு மேல் விழுங்க மறுக்கிறது.

கந்திகுப்பம் பக்கம் ஒரு டீக்கடை மாடி. இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் ஃபைபர் அறுந்தபோது, 'நாளைக்கு மாற்றிக்கலாம்' என்று ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்தது நான்தான். சாதா ஃபிரேம் 1518 பைட் வரைதான் அதற்குத் தெரியும். அதற்கு மேல் வந்ததைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்விட்சுக்கு எங்கும் முகவரி கிடையாது, அதனால் எந்த வரைபடத்திலும் இல்லை. கடைக்காரர் அதன் மேல் பிஸ்கட் டின் அடுக்கி வைத்திருந்தார். பெரிய ஃபிரேம் தாங்கும் ஸ்விட்ச் ஒன்றை ராத்திரியே மாற்றினேன். யார்டுக்காரர் பணம் கொடுத்துவிட்டார், ஆனால் இன்றுவரை என்னைப் பார்த்தால் 'பிரிண்ட் வருதாங்க' என்று கேட்பார்.

உங்கள் வளையத்துக்கு இந்தக் கதை ஏன் முக்கியம் என்றால், உங்களுக்கு இது இன்னும் ஒளிந்துகொண்டு வரும். பாலக்கோடும் தர்மபுரியும் பக்கத்துப் பக்கத்து ரவுட்டர்கள். அரூர் மூட்டைக் கதைப்படி, கடைசிக்கு முந்தின ரவுட்டர் பாலக்கோடே. அதனால் சாதாரண நாளில் அந்த ஃபைபரில் பாலக்கோட்டு வீடுகளின் சரக்குக்கு வழி லேபிள் இருக்காது. விபிஎல்எஸ் லேபிள் மட்டும்தான். அந்தச் சரக்குக்கு 1522 தாங்கினால் போதும், ஓடும். ஒரு நாள் ரோடு அகலப்படுத்துகிற ஜேசிபி அந்த ஃபைபரை அறுக்கும். போக்குவரத்து காரிமங்கலம் சுற்றிப் போகும். இப்போது பாலக்கோட்டிலிருந்து காரிமங்கலம் வரையும், எதிர்த்திசையில் தர்மபுரியிலிருந்து காரிமங்கலம் வரையும் இரண்டு லேபிள், 1526. அந்தப் பாதையில் 1522 மட்டும் தாங்கும் ஒரு பெட்டி இருந்தால், வளையம் மாறியதாக ரவுட்டர் சொல்லும், பிங் போகும், ஆனால் பாலக்கோட்டு வீடுகளில் வீடியோ ஓடாது. அறுந்த அன்றைக்குத்தான் இது தெரியும். அன்றைக்கு நீங்கள் ஃபைபர் ஒட்டுகிற இடத்தில் சாக்கடைக்குள் நின்றுகொண்டிருப்பீர்கள். ஆகவே கணக்குப் பார்த்து 1526 வைக்காமல், பெட்டி தாங்கினால் எல்லா இணைப்பிலும் 1600 வையுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபைபரையும் வேண்டுமென்றே கழற்றி, பெரிய பாக்கெட்டை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். நடுவில் இருக்கும் மீடியா கன்வெர்ட்டர், பிஸ்கட் டின் ஸ்விட்ச் எல்லாவற்றையும் நடந்து போய்க் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

அந்த மாதிரி ஸ்விட்சுகளால் இன்னொரு சங்கடமும் உண்டு. ஃபைபர் நேராக ரவுட்டரில் செருகியிருந்தால் அறுந்த கணத்தில் போர்ட் இறங்கும், ஓஎஸ்பிஎஃப் உடனே வழி மாற்றும். நடுவில் ஸ்விட்ச் இருந்தால் ரவுட்டரின் போர்ட் எரிந்துகொண்டே இருக்கும். வழக்கமான அமைப்பில் ஓஎஸ்பிஎஃப் 40 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் பக்கத்து ரவுட்டர் செத்துவிட்டது என்று முடிவு செய்யும். 40 விநாடியில் உங்களுக்கு எத்தனை போன் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் ஆன பிறகு எல்டிபி அரை மணி நேர வேலை. எல்எஸ்ஆர் அடையாளம் (லேபிள் ரவுட்டரின் பெயர்), டிரான்ஸ்போர்ட் முகவரி (எல்டிபி பேச்சுக்கான முகவரி) இரண்டுக்கும் லூப்பேக்கையே கொடுங்கள். ஊருக்கு ஊர் போகும் போர்ட்களில் மட்டும் எல்டிபி. வீட்டுப் பக்கம் போகும் போர்ட்டில் தப்பித்தவறிக்கூட வேண்டாம். உங்கள் ரவுட்டர் தெருவெல்லாம் போய் 'எண் வேணுமா, எண் வேணுமா' என்று கூவிக்கொண்டிருக்கும். லேபிள் கொடுப்பதும் லூப்பேக் முகவரிகளுக்கு மட்டும் என்று ஃபில்டர் போடுங்கள். ஃபயர்வாலில் 646ஆம் போர்ட்டை யூடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்க மறக்கக் கூடாது. பக்கத்து ரவுட்டரைத் தேடுவது யூடிபியில், அதன் பிறகு பேச்சுவார்த்தை டிசிபியில். டிரான்ஸ்போர்ட் முகவரி பெரிதாக இருக்கும் ரவுட்டர்தான் டிசிபி இணைப்பைக் கூப்பிடும். அதனால் ஒரு ரவுட்டரில் ஃபயர்வால் தப்பாக இருந்தாலும், சில பக்கத்து ரவுட்டர்களோடு சேரும், சிலதோடு சேராது. பார்க்கிறவருக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

பக்கத்து ரவுட்டர் வந்துவிட்டது என்று பச்சைக் குறியைப் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். லேபிள் அட்டவணையைத் திறந்து, ஐந்து லூப்பேக்குக்கும் உள்ளே வரும் எண், வெளியே போகும் எண் இரண்டும் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

கடைசியாக விபிஎல்எஸ். இது கோணிக்குள் கோணி. வெளிக் கோணியில் வழி எண், உள்கோணியில் யாருடைய சரக்கு என்ற எண். புத்தகத்தைப் படித்தவர்கள் உங்களிடம் ஐந்து ஊருக்கும் எல்லோரிடமிருந்தும் எல்லோருக்கும் டன்னல் போடச் சொல்வார்கள். அப்படியானால் பத்து டன்னல். உங்களுக்கு நான்கு போதும். உங்கள் வீட்டுக்காரர்கள் பிபிபிஓஇ சர்வரைத் தேடித் தர்மபுரிக்கு வருகிறார்கள். மாரண்டஅள்ளி வீட்டுக்கும் பென்னாகரம் வீட்டுக்கும் நேரடியாகப் பேச ஒன்றுமில்லை. நான்கு டன்னலையும் தர்மபுரியில் ஒரு பிரிட்ஜில் சேர்த்து, நான்குக்கும் ஒரே ஹொரைசன் எண் கொடுங்கள். ஒரே எண் உள்ள போர்ட்கள் தங்களுக்குள் பேசாது. மாரண்டஅள்ளியில் ஒயரை மாற்றிச் செருகியதால் பாக்கெட் சுற்றிச் சுற்றி வரும் லூப், தர்மபுரி வரை வந்து முட்டும், பென்னாகரத்துக்குப் போகாது. முட்டத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை. லேபிளுக்கு லூப்பை நிறுத்தத் தெரியாது. அதற்குக் கடைசி ஸ்விட்சில் பிராட்காஸ்ட் அளவுக்குக் கட்டுப்பாடு போட வேண்டும்.

இன்னொன்று, உங்களுக்கு விருப்பமில்லாவிட்டாலும் சொல்கிறேன். ஒவ்வொரு ஊர் ரவுட்டரும் தெம்பாக இருந்தால் பிபிபிஓஇயை அந்தந்த ஊரிலேயே முடித்து, கணக்கு வழக்கை மட்டும் ரேடியஸ் (சந்தாதாரர் கணக்கைச் சரிபார்க்கும் முறை) வழியாகத் தர்மபுரியில் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் ஓஎஸ்பிஎஃப் போதும், எம்பிஎல்எஸ்ஸே வேண்டாம். ஐபி முகவரிகளை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்க வேண்டிவரும், அதுதான் சிக்கல். உங்கள் கையில் முகவரி குறைவு என்றால் விபிஎல்எஸ். தாராளமாக இருந்தால் நான் ஊரிலேயே முடிப்பேன். மாற்றுவது எப்படியானாலும் ஒரு ராத்திரிக்கு ஒரு ஊர். முதலில் மாரண்டஅள்ளி.

கேள்வி (தர்மபுரி, பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி): ஐயா, ஐபி முகவரியைத் தேடுவதைவிட லேபிளைத் தேடுவது வேகம், அதனால்தான் எம்பிஎல்எஸ் என்று வகுப்பில் சொன்னார்கள். சரியா? ரவுட்டர் வாங்க வசதியில்லை. எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருக்கிறது. அதில் செய்து பார்க்க முடியுமா?

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது ஒரு காலத்தில் சரி. 1990களின் நடுவில் ரவுட்டருக்கு முகவரிப் பட்டியலில் மிக நீளமாகப் பொருந்தும் வரியைத் தேடுவது பெரிய சுமை. ஐப்சிலான் கம்பெனி, சிஸ்கோவின் டேக் ஸ்விட்சிங் என்று 1996 வாக்கில் ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவற்றையெல்லாம் ஒன்றாக்கி, இணைய விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு தந்த பொது விதிதான் 2001 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3031. அதற்குள் சிப்புகளே ஐபி முகவரியையும் லேபிளைப் போல ஒரே மூச்சில் தேடக் கற்றுக்கொண்டுவிட்டன. வேகம் என்ற காரணம் போய்விட்டது, எம்பிஎல்எஸ் தங்கிவிட்டது. காரணம், நடு ரவுட்டருக்கு வாடிக்கையாளர் யார் என்றே தெரியாமல் ஆயிரம் வாடிக்கையாளரின் சரக்கைத் தனித்தனியாகச் சுமக்க முடிகிறது. தேர்வில் வேகம் என்று எழுதினால் மார்க் கிடைக்கும் என்றால் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் சொல்லாதீர்கள்.

லேபிள் தலைப்பு 32 பிட். அதில் 20 பிட் எண், 3 பிட் முன்னுரிமை, அடிக்கோணி இதுதான் என்று சொல்ல 1 பிட், ஆயுள் எண்ணிக்கைக்கு 8 பிட். இருபது பிட்டில் 10,48,576 எண்கள். 0 முதல் 15 வரை ஒதுக்கப்பட்டவை. அவற்றில் 3 என்ற எண் எனக்குப் பிடித்தது. 'என்னிடம் அனுப்பும்போது லேபிள் போடாதே' என்று சொல்வதற்கு ஒரு ரவுட்டர் இந்த 3ஐக் கொடுக்கும். பேச்சில் மட்டும் வரும், பாக்கெட்டின் மேல் ஒருபோதும் எழுதப்படாது.

லேப்டாப்பில் தாராளமாகச் செய்யலாம். 2015இல் வந்த 4.1 பதிப்பிலிருந்தே லினக்ஸ் கெர்னலுக்கு லேபிள் மாற்றத் தெரியும். மெய்நிகர் கணினிகூட வேண்டாம். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே லினக்ஸுக்குள் தனித்தனி ரவுட்டர் போல நடக்கும் அறைகள்) நான்கைந்து உருவாக்கி, மெய்நிகர் ஒயரால் கட்டி, எஃப்ஆர்ஆர் மென்பொருளின் ஓஎஸ்பிஎஃப், எல்டிபி இரண்டையும் ஓட்டினால் காரிமங்கலத்துக்காரருடைய ஐந்து ஊரும் உங்கள் மடியில். முதல் நாள் வேலை செய்யாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். கெர்னலில் இரண்டு கதவு மூடியிருக்கும். எத்தனை லேபிள் வரை ஏற்கலாம் என்ற அளவு முதலில் பூஜ்யம். அதை ஒரு லட்சம் ஆக்குங்கள். லேபிள் பாக்கெட்டை உள்ளே விடலாமா என்ற அனுமதியும் ஒவ்வொரு இன்டர்ஃபேசிலும் பூஜ்யம். அதை ஒன்று ஆக்குங்கள். எல்டிபி அழகாகப் பேசிக்கொண்டிருக்கும், பாக்கெட் மட்டும் விழுந்துகொண்டிருக்கும் என்றால் இந்த இரண்டில் ஒன்று. பிறகு பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, நடு ஒயரில் ஒரு பிங் பாக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள். ஈதர்நெட் தலைப்புக்கும் ஐபி தலைப்புக்கும் நடுவில் அந்த நான்கு பைட் உட்கார்ந்திருப்பதை முதல் தடவை பார்க்கும்போது எனக்கு அப்பாவின் பிரஷ் ஞாபகம் வந்தது. உங்களுக்கு வேறு ஏதாவது வரும்.

கேள்வி (ஊத்தங்கரை): லூப்பேக் பிங் எல்லாத் திசையிலும் போகிறது. எல்டிபி பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் விபிஎன் வாடிக்கையாளருக்கு ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. சிஸ்கோ ரவுட்டர்கள். மூன்று நாளாகத் தூக்கமில்லை.

பதில்: லூப்பேக்கில் என்ன மாஸ்க் போட்டீர்கள்? 24 என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஓஎஸ்பிஎஃப், லூப்பேக்குக்கு என்ன மாஸ்க் இருந்தாலும் அதை 32 என்றே ஊருக்குச் சொல்லும். எல்டிபியோ தன் ரவுட்டரில் இருக்கிறபடி 24 என்று சொல்லி எண் கொடுக்கும். பக்கத்து ரவுட்டரின் வழித்தடத்தில் இருப்பது 32, கைக்கு வந்த லேபிள் 24க்கு. இரண்டும் பொருந்தாததால் 'லேபிள் இல்லை' என்று எழுதிக்கொண்டு, வெளிக் கோணியைக் கழற்றிவிடும். உங்கள் பிங் வெறும் ஐபி என்பதால் விலாசத்தைப் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விபிஎன் பாக்கெட்டில் உள்கோணி எண் வெளியே தெரிகிறது; நடு ரவுட்டருக்கு அந்த எண் யாருடையது என்று தெரியாது, தூக்கிப் போட்டுவிடுகிறது. மாஸ்க்கை 32 ஆக்குங்கள். தூங்குங்கள்.

கேள்வி (ஓசூர்): செக்மென்ட் ரவுட்டிங் வந்த பிறகு எல்டிபி எதற்கு? நீங்கள் இன்னும் பழசையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே?

பதில்: பழசுதான், ஒப்புக்கொள்கிறேன். செக்மென்ட் ரவுட்டிங்கில் எண் சொல்லும் வேலையை ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்ஐஎஸ் போன்ற வழித்தட நெறிமுறைகளே பார்த்துக்கொள்ளும், எல்டிபி என்று தனி ஆள் வேண்டாம். அதன் அடிப்படை விதி ஆர்எஃப்சி 8402, 2018இல் வந்தது. பாக்கெட்டின் மேல் ஒட்டுவது அதே நான்கு பைட் லேபிள். புதிதாக, எல்லாப் பெட்டியும் அதை ஆதரிக்கும்படி வாங்குகிறீர்கள் என்றால் அதிலேயே ஆரம்பியுங்கள். காரிமங்கலத்துக்காரர் கையில் இருக்கும் பெட்டியை வைத்துத்தான் அவருக்குப் பதில் சொல்ல முடியும். எம்டியூ கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி (காவேரிப்பட்டணம் அருகே மாம்பழக் கூழ்த் தொழிற்சாலை மேலாளர்): தொழிற்சாலையையும் பெங்களூரு ஆபீசையும் இணைக்க ஒரு நிறுவனம் எம்பிஎல்எஸ் லைன் தருவதாகச் சொல்கிறது. சாதாரண இன்டர்நெட் லைனைவிடப் பல மடங்கு விலை. 'முழுப் பாதுகாப்பு, யாரும் ஒட்டுக்கேட்க முடியாது' என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: ஒட்டுக்கேட்க முடியாது என்று சொன்னதை எழுதிக் கேளுங்கள், தர மாட்டார். லேபிள் என்பது பூட்டு அல்ல. மூட்டை மேல் எண். உங்கள் சரக்கு அடுத்தவர் சரக்கோடு கலக்காமல் தனியாகப் போகும், அது உண்மை. ஆனால் கோணி தைத்தபடி இருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது மறைக்குறியீடு ஆகவில்லை. வழியில் ஷெட்டுக்காரர் நினைத்தால் பிரித்துப் பார்க்கலாம். கணக்கு, சம்பள விவரம் போகிறது என்றால் எம்பிஎல்எஸ்ஸுக்கு மேல் ஐபிசெக் என்ற மறைக்குறியீடும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

நீங்கள் உண்மையில் வாங்குவது ஒப்பந்தத்தை. லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், தாமதம் எவ்வளவுக்குள் இருக்கும், தவறினால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்ற மூன்றும் தாளில் இருந்தால் அந்த விலைக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் இரண்டு வேறு வேறு கம்பெனியின் இன்டர்நெட் லைனை எடுத்து, அதன் மேல் விபிஎன் போட்டுக்கொள்வது மலிவு. ஒன்று போனால் இன்னொன்று. இரண்டும் ஒரே கம்பத்தில் வருகிறதா என்று மட்டும் வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். உங்கள் வாசலில் நான் பார்த்தவரை எல்லா ஒயரும் அந்த ஒரே புளியமரத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில்தான் தொங்குகிறது.

எதை எடுத்தாலும் மாற்றுகிற வேலையைப் பிப்ரவரிக்குள் முடியுங்கள். மே பிறந்து கூழ் ஓட ஆரம்பித்துவிட்டால், லாரி வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும்போது உங்கள் எடைமேடைக் கம்ப்யூட்டரைத் தொட நானே வர மாட்டேன்.